புறப்படும் வேகமா, போய்ச் சேரும் வேகமா?

இந்த வாரம் துப்பாக்கி பற்றி எழுதப் போகிறேன். பயப்பட வேண்டாம், சண்டைக் கதை இல்லை. தூரத்தில் நிற்கும் காகித வட்டத்தைச் சுடும் விளையாட்டைப் பற்றியது. இருபத்தெட்டு வருடம் காலாட்படையில் இருந்தவன் நான். அதில் பாதிக்கு மேல் ஆயுதப் பயிற்சி உஸ்தாத். எத்தனையோ ரிக்ரூட்டுகளுக்குப் பாடம் சொன்ன எனக்கு, எழுபது வயதுக்கு மேல், நான் சொன்ன ஒரு பாடம் தப்பு என்று தெரிந்தது. தப்பான யோசனைக்கு விலை கொடுத்தவன் என் மகன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கேள்வி இதுதான். தொலைதூர இலக்கைச் சுட வேண்டும் என்றால் லேசான குண்டை அதிவேகமாக அனுப்புவதா? அல்லது கனமான, நீண்ட, காற்றைச் சுலபமாகக் கிழிக்கும் குண்டைக் கொஞ்சம் மெதுவாக அனுப்புவதா? தூரம் முன்கூட்டியே தெரிந்த இலக்கு, 600 கெஜத்துக்கு மேல் என்றால், என் பதில் இரண்டாவதுதான். மூன்று வருடத்துக்கு முன் கேட்டிருந்தால் முதலாவது என்று மேஜையைத் தட்டிச் சொல்லியிருப்பேன். சொல்லவும் செய்தேன்.

மூத்தவன் அமெரிக்காவில் டெக்ஸாஸில் இருக்கிறான். அங்கேயே குடியுரிமை வாங்கிவிட்டான். நானும் அவன் அம்மாவும் கோடையில் போயிருந்தோம். அவன் ஒரு ரைபிள் கிளப்பில் உறுப்பினர். 1000 கெஜத்தில், அதாவது 914 மீட்டரில், படுத்துச் சுடும் போட்டி. எஃப்-கிளாஸ் என்று பெயர். கனடாக்காரர் ஜார்ஜ் ஃபார்குஹார்சன் என்பவர், வயதானவர்களும் டெலஸ்கோப் வைத்து, துப்பாக்கிக்கு முட்டுக்கொடுத்துச் சுடட்டும் என்று ஆரம்பித்தது. அவர் பெயரின் முதல் எழுத்துதான் அந்த எஃப். 1000 கெஜத்தில் பத்து பாயின்ட் வட்டம் வெறும் 10 அங்குலம். நம் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னது.

விசிட்டர் விசாவில் போனவன் அங்கே துப்பாக்கியைக் கையில் எடுப்பதில் சட்டச் சிக்கல் உண்டு. ஆகவே நான் ஸ்பாட்டிங் ஸ்கோப்போடு பின்னால் உட்கார்ந்திருந்தேன். போட்டிக்கு முதல் நாள் இரவு மகன் இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். இரண்டும் .308 தோட்டாக்கள், அவனே அடைத்தவை. ஒன்றில் 155 கிரெயின் குண்டு, அதாவது ஏறக்குறைய பத்து கிராம். குழாயை விட்டு வெளியேறும்போது விநாடிக்கு 2,950 அடி வேகம். மற்றதில் 185 கிரெயின், பன்னிரண்டு கிராம், வேகம் 2,650 அடி.

"கனமானதைப் போடலாம்னு இருக்கேம்ப்பா. நீங்க என்ன சொல்றீங்க?" என்றான்.

"என்னடா கேள்வி இது? முந்நூறு அடி வேகத்தை யாராவது வேண்டாம்னு சொல்லுவானா? சீக்கிரம் போனா காத்துக்குத் தள்ள நேரம் இருக்காது. லேசானதைப் போடு."

அவன் கொஞ்சம் தயங்கினான். பிறகு கனமான பெட்டியை மூடி வைத்துவிட்டான். சின்ன வயதிலிருந்தே நான் சொன்னால் மறுத்துப் பேசாத பிள்ளை.

மறுநாள் காலை காற்று குறைவாக இருந்தவரை எல்லாம் சரியாகத்தான் போனது. பத்து மணிக்கு மேல் குறுக்குக் காற்று எழுந்தது. கொடிகள் ஒருமுறை விறைக்கும், மறுமுறை தொங்கும். அவன் குண்டுகள் இடது ஓரம், வலது ஓரம் என்று அலைய ஆரம்பித்தன. பக்கத்து லேனில் என் வயதுள்ள ஒரு அம்மையார். அவரும் காற்றைத் தப்பாகத்தான் படித்தார், ஸ்கோப்பில் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். ஆனால் அவர் தப்பு செய்யும்போது ஒன்பதில் விழுந்தது, இவன் தப்பு செய்யும்போது எட்டில் விழுந்தது. வெளியூர்ப் போட்டிக்குப் போகும் நால்வர் அணியைத் தேர்ந்தெடுக்கும் ஆட்டம் அது. இரண்டு பாயின்ட்டில் அவனுக்கு இடம் போயிற்று. அந்த அம்மையார் போட்டது நீண்ட கனமான குண்டு என்று அப்புறம் பேசும்போது தெரிந்தது.

காரில் திரும்பும்போது அவன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பரவாயில்லப்பா, காத்து மோசம்" என்றான். திட்டியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஊர் திரும்பியதும் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மகன் இரண்டு குண்டுக்கும் உரிய எண்களை அனுப்பினான். குண்டு எவ்வளவு நன்றாகக் காற்றைக் கிழிக்கும் என்பதற்கு ஒரு எண் உண்டு. பாலிஸ்டிக் கோஎஃபிஷன்ட், சுருக்கமாக பி.சி. என்பார்கள். கூடக்கூட நல்லது. லேசான குண்டுக்கு 0.45, கனமானதற்கு 0.55. பழைய அட்டவணை முறையில் படிப்படியாகக் கணக்குப் போட்டேன். பள்ளிக்கூடக் கணக்குதான், பொறுமை வேண்டும், அவ்வளவே.

முதல் ஆச்சரியம்: 2,950 அடியில் கிளம்பிய குண்டு 1000 கெஜம் சேரும்போது அதன் வேகம் ஏறக்குறைய 1,280 அடி. 2,650 அடியில் கிளம்பியதோ 1,320 அடிக்கு மேல். 770 கெஜம் தாண்டியதும் மெதுவாகப் புறப்பட்டவன் வேகத்தில் முந்திவிடுகிறான். முந்நூறு அடி முன்னிலையைக் காற்று வழியிலேயே சாப்பிட்டுவிட்டது.

இரண்டாவதுதான் முக்கியம். 'சீக்கிரம் போனால் காற்றுக்குத் தள்ள நேரம் இருக்காது' என்று சொன்னேன் அல்லவா? அங்கேதான் தவறினேன். குறுக்குக் காற்று குண்டை எவ்வளவு தள்ளும் என்பது அது பறந்த மொத்த நேரத்தைப் பொறுத்ததல்ல. தாமதத்தைப் பொறுத்தது. காற்றே இல்லாத வெட்டவெளியில் போனால் எவ்வளவு நேரம் ஆகுமோ, அதைவிட எத்தனை நேரம் கூடுதலாக ஆயிற்று என்பதே தாமதம். அதைக் குறுக்குக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் குண்டு ஒதுங்கும் அளவு கிடைத்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் டிடியோன் என்ற பிரெஞ்சுக்காரர் சொன்ன விதி இது. நான் பயிற்சி கொடுத்த காலத்தில் இதை ஒருநாளும் கேள்விப்படவில்லை.

நீங்களே போட்டுப் பாருங்கள். லேசான குண்டு வெட்டவெளியில் போக வேண்டிய நேரம் 1.02 விநாடி, உண்மையில் ஆனது 1.58. தாமதம் 0.56. கனமானதற்கு வெட்டவெளியில் 1.13, உண்மையில் 1.62. தாமதம் 0.49. மொத்தத்தில் கனமானதுதான் பிந்தி வருகிறது, ஆனால் அதன் தாமதம் குறைவு. மணிக்கு பத்து மைல் குறுக்குக் காற்று என்றால் விநாடிக்கு 14.7 அடி. பெருக்கினால் லேசானது ஒதுங்குவது எட்டு அடிக்குச் சற்று மேல். கனமானது ஏழு அடிக்குச் சற்று மேல். ஏறக்குறைய ஒரு அடி லாபம். முந்நூறு அடி வேகத்தைக் கழித்த பிறகும்!

காற்றைச் சரியாகப் படித்தால் அந்த எட்டு அடியையும் ஏழு அடியையும் சைட்டில் திருப்பிச் சரிசெய்துவிடலாமே என்று கேட்பீர்கள். சரிதான். ஆனால் காற்றைச் சரியாகப் படிப்பவன் யார்? மணிக்கு ஒரே ஒரு மைல் தப்பாக மதிப்பிட்டால் லேசானது பத்து அங்குலம் தள்ளிப் போகும், கனமானது எட்டே முக்கால் அங்குலம். இருபது குண்டில் அந்த ஒரு அங்குலச் சொச்சம் எத்தனை முறை கோட்டுக்கு உள்ளே, எத்தனை முறை வெளியே என்பதில்தான் இரண்டு பாயின்ட் இருக்கிறது. காற்றைத் தப்பாகப் படித்தவன் என் மகன்தான், அதை மறுக்கவில்லை. அந்தத் தப்பைப் பெரிதாக்கிக் கொடுத்தது என் யோசனை.

இவ்வளவு வருடம் நான் ஏன் தப்பாக நினைத்திருந்தேன்? யோசித்துப் பார்த்தால் காரணம் இருக்கிறது. நாங்கள் கற்றது .303 ரைபிளின் காலத்துப் பாடம். அதன் பழைய மார்க் 6 குண்டு 215 கிரெயின், உருண்டை மூக்கு, வேகம் 2,060 அடி. 1910-இல் மார்க் 7 வந்தது. 174 கிரெயின், கூர்மூக்கு, 2,440 அடி. பாதை தட்டையாயிற்று. தூரத்தை நூறு கெஜம் தப்பாக மதிப்பிட்டாலும் சிப்பாயின் குண்டு ஆளுயரத்துக்குள் விழும். போர்க்களத்தில் எதிரி எத்தனை கெஜத்தில் இருக்கிறான் என்று யாரும் பலகை வைத்துச் சொல்வதில்லை, ஆகவே தட்டையான பாதை அங்கே உயிர் காக்கும். எஸ்.எல்.ஆர். வந்தபோதும் அதே பாடம்தான். எங்கள் ரேஞ்சும் பெரும்பாலும் முந்நூறு மீட்டருக்குள். அங்கே வேகம் என்றால் வேகம்தான்.

ஆனால் மார்க் 7-இல் மாறியது இரண்டு விஷயம், வேகமும் மூக்கும். நாங்கள் வேகத்துக்கு மட்டும் மாலை போட்டுவிட்டு மூக்கை மறந்துவிட்டோம்.

இன்னொன்றும் மறந்தோம். போட்டி ரேஞ்சில் தூரம் அளந்து வைத்தது. இன்றைக்கும் 1000 கெஜம், நாளைக்கும் 1000 கெஜம். பூமியின் இழுப்பும் மாறாது. கனமான குண்டு இரண்டரை, மூன்று அடி கூடுதலாகத் தாழும், உண்மைதான். தாழட்டுமே! சைட்டில் அதற்கு வேண்டிய கிளிக்கைக் கூட்டிவிட்டால் தீர்ந்தது. தெரிந்த கஷ்டத்துக்கு மருந்து உண்டு. காற்றுதான் தெரியாத கஷ்டம், நிமிடத்துக்கு ஒரு முகம் காட்டும். தாழ்வைக் குறைக்க வேகத்தை வாங்கி, அதற்காகக் காற்றிடம் கூடுதலாக மாட்டிக்கொள்வது நல்ல வியாபாரம் இல்லை.

இந்தப் பாடத்தின் வேரைத் தேடினால் என் வீட்டு வாசலுக்கே வருகிறது. நான் தினமும் காலையில் நடக்கப் போவது எங்கள் கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச். பக்கத்தில் கெடிலம் ஆற்றோரம் செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சம் இருக்கிறது. 1758-இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து இடித்த கோட்டை. அந்தக் கோட்டையில் 1751 ஜூலையில் காய்ச்சலில் இறந்தவர் பெஞ்சமின் ராபின்ஸ். கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கோட்டைகளைச் சீரமைக்க வந்த எஞ்சினியர், வயது 44. குண்டின் வேகத்தை முதன்முதலாக ஒழுங்காக அளந்த மனிதர் அவர். கனமான மரக்கட்டையைத் தொங்கவிட்டு அதில் சுட்டு, கட்டை எவ்வளவு ஆடியது என்று பார்த்து வேகத்தைக் கணக்கிட்டார். 1742-இல் புத்தகமாகப் போட்டார். பெரிய கணித மேதை ஆய்லர் அதை ஜெர்மன் மொழியில் பெயர்த்து விளக்கம் எழுதினார்.

அதுவரை எல்லோரும் காற்றின் தடை அற்பம் என்றே நினைத்திருந்தார்கள். ராபின்ஸ் அளந்து பார்த்தால், வேகமாகப் போகும் குண்டைக் காற்று தடுக்கும் விசை அந்தக் குண்டின் எடையைப்போல் நூறு மடங்குக்கும் மேல்! பூமி இழுப்பதைவிடக் காற்று தடுப்பதுதான் பெரிய சங்கதி என்று 280 வருடத்துக்கு முன்பே சொல்லியாயிற்று. அவர் இறந்த இடத்தைச் சுற்றி இத்தனை வருடம் நடந்திருக்கிறேன். அவர் பாடம் காதில் விழ டெக்ஸாஸ் வரை போக வேண்டியிருந்தது.

ராணுவங்களும் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டன. அமெரிக்கர்கள் 1906-இல் 150 கிரெயின் குண்டை 2,700 அடி வேகத்தில் கொண்டுவந்தார்கள். அடிப்பாகம் தட்டை. 4,700 கெஜம் வரை போகும் என்று கையேட்டில் போட்டுக்கொண்டார்கள். முதல் உலகப்போரில் பிரான்சில் மெஷின்கன்னால் தூரத்துக்கு மழையாகப் பொழிந்தபோது, அது 3,400 கெஜத்திலேயே விழுந்துவிட்டது. போர் முடிந்து ஃபுளோரிடாவின் டேடோனா கடற்கரை போன்ற இடங்களில் சுட்டுச் சோதித்தார்கள். பிறகு எம்1 என்ற தோட்டா வந்தது. குண்டு கனமானது, அடிப்பாகம் படகின் பின்முனைபோல் ஒடுங்கியது, புறப்படும் வேகம் கொஞ்சம் குறைவுதான். அது போன தூரம் ஏறக்குறைய 5,500 கெஜம்! பழைய ரேஞ்சுகளின் பாதுகாப்பு எல்லையையே தாண்டிவிடும் என்று பயந்து, பின்னாளில் லேசான குண்டுக்கே திரும்பினார்கள் என்றால் பாருங்கள்.

பள்ளியில் என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு ஒரு சின்ன உதாரணம். அந்த .22 ரைபிள் நினைவிருக்கும். அதே வகைத் தோட்டாவில் அதிவேகம் என்று விற்பது ஒலியின் வேகத்தைத் தாண்டிக் கிளம்பும். ஆனால் 50 மீட்டர் பந்தயத்தில் சுடுபவர்கள் போடுவது ஒலியைவிட மெதுவான தோட்டா. ஒலி வேகத்தை ஒட்டிக் காற்றின் தடை திடீரென்று எகிறும். அதில் சிக்கிய அதிவேகக் குண்டுக்குத் தாமதம் கூடும், ஆகவே குறுக்குக் காற்றில் அதுதான் அதிகம் ஒதுங்கும். நூறு கெஜத்துக்குள்ளேயே இந்தக் கூத்து.

பெரிய ரைபிளிலும் அந்த ஒலி எல்லை பொல்லாதது. அமெரிக்காவில் 168 கிரெயினில் புகழ்பெற்ற பந்தயக் குண்டு ஒன்று உண்டு. 300 மீட்டருக்கென்று செய்தது, அங்கே அதை மிஞ்ச ஆள் குறைவு. 1000 கெஜத்துக்கு .308-இல் போட்டால், வேகம் ஒலி அளவுக்கு இறங்கும் இடத்தில் தள்ளாட ஆரம்பித்துவிடும். அதனால் தொலைதூரத்துக்கு 175 கிரெயினுக்கு மாறினார்கள். ஆகவே குண்டை வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி, 'எவ்வளவு வேகத்தில் கிளம்பும்' என்பதல்ல, 'இலக்கில் எவ்வளவு வேகம் மிச்சம் இருக்கும்' என்பது.

இதைச் சொன்னதும் என் நடைத்தோழர், அவரும் பழைய காலாட்படை ஹவில்தார், சண்டைக்கு வந்துவிட்டார். "என்னண்ணே, அப்போ வேகமே வேண்டாமா?" என்றார். வேண்டாம் என்று யார் சொன்னது? ஒரே குண்டை இரண்டு வேகத்தில் அனுப்பினால், ஒலிக்கு மேலே வேகமானதே நல்லது. முந்நூறு கெஜத்துக்குள் இரண்டு குண்டுக்கும் காற்றில் வித்தியாசம் அரை அங்குலம்தான். தூரம் தெரியாத இடத்தில் தட்டையான பாதைக்கே என் ஓட்டு. பி.சி. எண்ணை மட்டும் பார்த்து ஓடுவதும் ஆபத்து. நீண்ட குண்டு நிலையாகச் சுழல வேண்டுமானால் குழாயின் முறுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பம்பரம் சாய்வதுபோல் சாயும், பி.சி. எத்தனை இருந்தும் பிரயோசனம் இல்லை. உங்கள் ரைபிளுக்கு ஒத்துவந்து நல்ல குரூப்பிங் கொடுக்காத குண்டு, அட்டவணையில் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

வேகத்தில் ஒன்று மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. எவ்வளவு என்பதைவிட எல்லாத் தோட்டாவிலும் ஒரேமாதிரி இருக்கிறதா என்பது. ஒன்றுக்கொன்று 20 அடி வித்தியாசப்பட்டால் 1000 கெஜத்தில் மேலும் கீழுமாக ஐந்தாறு அங்குலம் போய்விடும். கடைசி ஐம்பது அடி வேகத்துக்காக மருந்தை இறுக்கி அடைப்பவர்கள் பெரும்பாலும் இழப்பது இந்த ஒழுங்கைத்தான். குழாயும் சீக்கிரம் தேயும், அழுத்தம் மிஞ்சினால் கண்ணுக்கும் கைக்கும் ஆபத்து.

தோழர் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. "நாம படிச்சது பொய்யா அப்போ?" என்றார். பொய் இல்லை. அது வேறு இடத்துக்கான பாடம். அதை இடம் பார்க்காமல் தூக்கிக்கொண்டு போனது நான்.

கணக்கு முடிந்த அன்றைக்கே மகனுக்குப் போன் போட்டேன். இங்கே ராத்திரி, அவனுக்குக் காலை. "தம்பி, அன்னிக்கு நான் சொன்னது தப்பு. நீ நினைச்சதுதான் சரி" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அதுக்காகவா இத்தனை கணக்கு போட்டீங்க?" என்று சிரித்தான். அந்த நோட்டுப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னான். இப்போது கனமான குண்டுதான் போடுகிறான். அடுத்த வருடத் தேர்வில் அணியில் நாலாவது ஆளாக இடம் கிடைத்தது. காற்றைப் படிப்பதில் இன்னும் தப்பு செய்கிறான், ஸ்கோர் அட்டையை அனுப்பும்போதெல்லாம் பார்க்கிறேன். ஆனால் அந்தத் தப்பில் இப்போது என் பங்கு இல்லை.

பழைய ராணுவக்காரர்கள் படித்தால் நிச்சயம் மாற்றுக் கருத்து இருக்கும். தாராளமாகச் சொல்லுங்கள். தாமதக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னால் இன்னும் சந்தோஷம்.